மொந்தேய்னா, பேக்கனா?

ஓய்வு பெற்ற பிறகு நட்பையும் முதுமையையும் பற்றிப் படிக்க விரும்புவோர், பிரான்சின் கட்டுரையாளர் மொந்தேய்னிடம் தொடங்குவதா, இங்கிலாந்தின் கட்டுரையாளர் பிரான்சிஸ் பேக்கனிடம் தொடங்குவதா என்று தயங்குவதுண்டு.

நேரம்: மொந்தேய்னின் 107 கட்டுரைகள் மூன்று தொகுதிகளாக விரிகின்றன. பேக்கனின் 1625ஆம் ஆண்டுப் பதிப்பில் இருப்பவை 58; பெரும்பாலானவை காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நட்பு: சில ஆண்டுகளே பழகிய நண்பர் லா போயெசியை 1563இல் இழந்த மொந்தேய்ன், அவர் அவராகவும் தாம் தாமாகவும் இருந்ததைத் தவிர அந்த அன்புக்கு வேறு காரணம் சொல்ல மறுத்தார். பேக்கனோ, மருந்துச் சீட்டு எழுதுவதைப் போல, மனப்பாரம் குறையும், அறிவு தெளியும், நம்மால் இயலாததை நண்பர் செய்து முடிப்பார் என்று பயன்களை அடுக்குகிறார். (தமக்கு நிலம் கொடுத்து உதவிய எசெக்ஸ் பிரபுவுக்கு எதிராக 1601இல் ராஜத்துரோக வழக்கில் வாதாடியவரும் இவரே என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், அந்தப் பட்டியலுக்குத் தனிச்சுவை உண்டு.)

முதுமை: பேக்கன், வேலைக்கு ஆள் எடுப்பவரைப் போல, இளைஞரையும் முதியவரையும் எடை போடுகிறார். மொந்தேய்னோ சிறுநீரகக் கல்லின் வேதனைக்கு நடுவிலும், பல் ஒன்று வலியில்லாமல் விழுந்ததையும், முள்ளங்கி முதலில் ஒத்துக்கொண்டு, பிறகு ஒவ்வாமல் போய், மறுபடியும் ஒத்துக்கொண்டதையும் அக்கறையோடு பதிவு செய்கிறார்.

மேடையில் பேசவும் பேரனுக்கு அறிவுரை சொல்லவும் பேக்கன் போதும். நண்பரைப் பறிகொடுத்து, இரவில் உறக்கம் வராதவருக்கு மொந்தேய்னையே பரிந்துரைப்பேன்.