அப்பாவின் போனில் நான் போட்டுக் கொடுத்த 'பாதுகாப்பான' பிரவுசர்

அப்பா நாள் முழுக்கப் போனில் செய்தி படிப்பவர். ஒரு செய்தியைத் திறந்தால் நாலு விளம்பரம் குதிக்கும். மூடப் போனால் விரல் சரியாக அதன் மேலேயே படும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ப்ளே ஸ்டோரில் தேடி ஒரு பிரவுசரைப் போட்டுக் கொடுத்தேன். 'விளம்பரம் இல்லை, வேவு இல்லை' என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. நாலரை ஸ்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான், அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. ஒரு மாதம் இலவசம் என்றதால் அப்பாவின் யுபிஐயில், அதன் பிறகு சந்தாவைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபேக்கும் சரி கொடுத்துவிட்டேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி இன்னும் நிறைய இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

இரண்டு வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார். "தம்பி, போன்ல மூணு வைரஸ் இருக்காம். சுத்தம் பண்ணட்டுமான்னு கேக்குது."

"எதையும் தொடாதீங்கப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன்."

போய்ப் பார்த்தேன். ஆண்ட்ராய்டில் ஒரு நோட்டிபிகேஷனை அழுத்திப் பிடித்தால் எந்த ஆப் அனுப்பியது என்று காட்டும். அனுப்பியது இந்தப் பிரவுசரேதான். அடுத்தவன் விளம்பரத்தைத் தடுத்துவிட்டு, காலியான இடத்தில் தன் விளம்பரத்தை வைத்திருக்கிறது! பெர்மிஷன் பக்கத்தில் லொகேஷன், கான்டாக்ட்ஸ் எல்லாம் திறந்தே கிடந்தன. செய்தி படிக்க கான்டாக்ட்ஸ் எதற்கு? ஒரு ஷாப்பிங் தளத்தின் முகவரியை நானே டைப் செய்து பார்த்தேன். பக்கம் திறந்ததும் முகவரியின் கடைசியில் நான் அடிக்காத ஒரு வால் ஒட்டியிருந்தது: கமிஷன் கோடு, நான் எதையாவது வாங்கினால் பிரவுசர்காரனுக்குப் பங்கு போகும்.

இந்த வால் வேலை பெயர் பெற்ற இடத்திலும் நடந்திருக்கிறது. 2020 ஜூனில் பிரேவ் பிரவுசர், சில கிரிப்டோ தளங்களின் முகவரியை அடித்தால் தன் பரிந்துரைக் கோடைச் சேர்த்து நிரப்பியது. பயனர்கள் கண்டுபிடித்ததும் நிறுவனர் பிரெண்டன் ஐக் தவறுதான் என்று ஒப்புக்கொண்டு மாற்றினார். ஆன்டிவைரஸ் கம்பெனியான அவாஸ்டின் கதை இன்னும் மோசம். வேவு பார்ப்பதைத் தடுப்போம் என்று சொல்லிக்கொண்டே பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

சரி, அன்றைக்கே ஆப்பை டெலிட் செய்தேன், தொல்லை விட்டது என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது! ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸுக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். மாதம் முடிந்ததும் 1,799 ரூபாய் போய்விட்டது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தெரிவித்துத்தான் இருக்கிறார்கள், லோன் வேண்டுமா என்று கேட்கிற மெசேஜ்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடந்தது. "பேங்க்ல ஏதோ ஆயிரத்துச் சொச்சம் பிடிச்சிருக்கான்" என்று அப்பா சொன்னதே பத்து நாள் கழித்து. கூகுளிடம் நேராக ரீபண்ட் கேட்கிற 48 மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. ஒரு ஸ்டார் ரிவியூவுக்கு மட்டும் உடனே பதில் வந்தது: உங்கள் அன்புக்கு நன்றி, ஐந்து ஸ்டார் தாருங்கள்.

இப்போது அப்பா போனில் பயர்பாக்ஸ் பிரவுசர், அதற்குள் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். ஆண்ட்ராய்டு குரோமில் இப்படிக் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் சேர்க்க வழியில்லை, பயர்பாக்ஸில் உண்டு. போடும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். இதே மாதிரிப் பெயரில் வேறு சிலவும் உண்டு. எழுதியவர் ரேமண்ட் ஹில் என்று இருக்க வேண்டும். அவர் நன்கொடைகூட வாங்குவதில்லை, ஆட்டோபே கேட்டால் அது வேறு எதுவோ. வேறு ஒருவர் எழுதிய நேனோ ஆட்பிளாக்கர் என்ற தடுப்பான் 2020இல் கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் அதற்குள் வேவு நிரலை ஏற்றினார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கிறேன்.

அப்பா தினமும் படிக்கிற ஒரு செய்தித் தளம் மட்டும் தடுப்பானை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறது. அதற்கு மட்டும் அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார். "அவனும் பொழைக்கணும்ல" என்கிறார்.