பல் பிடுங்கிய குழிக்கு உப்புத் தண்ணீரா, மவுத்வாஷா, கிராம்புத் தைலமா?

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பினால் நம்மால் பேச முடியாது. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் பேசுவார்கள். கீழ்க் கடைவாயில் ஞானப்பல்லை எடுத்துவிட்டு நான் வந்த அன்று, அம்மா தண்ணீரைச் சூடாக்கி உப்புப் போட்டாள். சித்தி கிராம்புத் தைலச் சீசாவோடு வந்தாள். தம்பி மருந்துக்கடைக்குப் போய் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் வாங்கி வந்துவிட்டான்.

அன்றைக்கு மூன்றுமே வேண்டாம். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. கொப்பளித்தாலும், காறித் துப்பினாலும், உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடலாம். அதனால் முதல் 24 மணி நேரம் எச்சிலை விழுங்கிவிட வேண்டியதுதான். ரத்தம் கசிந்தால் புதுப் பஞ்சை மடித்து வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கலாம். பஞ்சு தீர்ந்துவிட்டால் டீ பையை நனைத்துப் பிழிந்து கடித்தாலும் சரி. தேயிலையின் துவர்ப்பு ரத்தம் உறைய உதவும்.

மறுநாள்தான் போட்டியே ஆரம்பம். உப்புத் தண்ணீருக்குச் செலவு இல்லை: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒவ்வொரு முறை சாப்பிட்டதும். ஆனால் கன்னம் உப்பக் ‘களகள’வென்று கொப்பளிக்கக் கூடாது. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து தானாக வழிய விட வேண்டும். குளோர்ஹெக்சிடின் கிருமியை அடக்குவதில் கெட்டிக்காரன். குழியை மூடிய ரத்தக் கட்டி பெயர்ந்து போய் எலும்பு வெளியே தெரியும் ‘ட்ரை சாக்கெட்’ தொல்லையையும் குறைக்கிறது. ஆனால் நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும், அபூர்வமாக ஒவ்வாமையும் வரும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய கையோடு பயன்படுத்தினால் வேலையும் குறையும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆடிக்கொண்டிருந்த பல்லை எடுத்தவருக்கு உப்புத் தண்ணீரே போதும் என்பேன். கீழ் ஞானப்பல்லை அறுத்து எடுத்தவர், புகை பிடிப்பவர் இவர்களுக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தால், மவுத்வாஷ்தான் மேல்.

கிராம்புத் தைலம் சொத்தைப் பல்லுக்கு ஆறுதல் தரும், மறுக்கவில்லை. பச்சைப் புண்ணில் அதை நேரே விட்டால் சதை வெந்துவிடும். சித்தியிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வாய் எனக்கு அப்போது ஒத்துழைக்கவில்லை.

ஒத்தடத்தில் குழப்பமே இல்லை. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், கன்னத்துக்கு வெளியே, 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுத்து. வெந்நீர் ஒத்தடம் இரண்டு நாள் கழித்துத் தாடை இறுக்கத்துக்கு.

மாத்திரையில் நம் வீடுகளின் நம்பிக்கை பாராசிட்டமால். ஆனால் ஞானப்பல் வலிக்கு இப்யூப்ரோஃபென் அதைவிட நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதற்காக எல்லோரும் அதை விழுங்கிவிட முடியாது: வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா இருந்தால் பாராசிட்டமால்தான் பத்திரம். எதுவானாலும் மரப்பு விடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். ஆஸ்பிரினை வலிக்காக எடுக்காதீர்கள், ரத்தக் கசிவு கூடும்.

சாப்பாட்டில் ஐஸ்கிரீமுக்குத்தான் பெயர். குளிர்ச்சி இதம்தான், ஆனால் வயிறு நிறையுமா? என் ஓட்டு குழைய மசித்த தயிர்சாதத்துக்கு. தாளிக்கக் கூடாது, கடுகு ஒன்று குழிக்குள் உட்கார்ந்தால் அதை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. ராகிக் கூழ் ஆறியிருந்தால் நல்லது, தொட்டுக்கொள்ள மிளகாயைத் தேடாமல் இருந்தால். இளநீரைக் கட்டாயம் டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும்.

கடைசி வரியை அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாம் நாள் தெருமுனையில் வெட்டிய இளநீரில் கடைக்காரர் ஸ்ட்ராவைச் செருகிக் கொடுத்தார், நானும் மறந்து உறிஞ்சிவிட்டேன். சாதாரணமாக மூன்றாம் நாளில் வலி இறங்க வேண்டும். எனக்கு ஏறியது, காது வரை தெறித்தது, வாயில் கெட்ட வாடை வேறு. இப்படி ஆனால் உப்பு, மவுத்வாஷ், மாத்திரை என்று வீட்டில் மாற்றி மாற்றிப் பார்க்காமல் மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும். அவர் குழியைக் கழுவி, மருந்து நனைத்த சிறு துணித் துண்டை உள்ளே வைத்தார். சட்டென்று மூக்கில் ஏறியது கிராம்பு வாசனை. அந்த மருந்தில் இருப்பது யூஜினால், கிராம்புத் தைலத்தின் சத்தே அதுதான். இதைச் சித்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.