லா பொசெசியோனிலிருந்து சேன் தெனிக்கு: காரா, ஸ்கூட்டரா?

மூன்று வருடம் பாரிஸ் பக்கம் இருந்துவிட்டு, வேலை மாற்றலாகி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்திருக்கும் சித்தி மகன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தான்: “அண்ணே, பழைய கார் ஒண்ணு விலைக்கு வருது. அத வாங்கிடவா, இல்ல உங்கள மாதிரி ஸ்கூட்டரா?” நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “தம்பி, அவரக் கேக்காதீங்க. மழை வந்தா கார் சாவியத்தான் தேடுவாரு.”

உண்மைதான், மறுக்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. எட்டு வருடம் காரில் வேலைக்குப் போனேன், மூன்று வருடமாக 125 சிசி ஸ்கூட்டரில் போகிறேன். வீடு லா பொசெசியோனில், வேலை தலைநகர் சேன் தெனியின் நடுவில். அதே சாலை, அதே ஆள், வண்டி மட்டும் வேறு. அதனால் ஒப்பிட்டுச் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சாலையைப் பற்றி. இந்தத் தீவில் மலை நடுவில், மனிதர்கள் ஓரத்தில். மேற்கிலிருந்து தலைநகருக்குப் போக நடைமுறையில் ஒரே வழிதான், கடலோரச் சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான பாறை. 2006 மார்ச்சில் அந்தப் பாறை பெயர்ந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் கடல்மேல் 5.4 கி.மீ. நீளப் பாலம் கட்டினார்கள். 2022 ஆகஸ்டில் அதில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆனால் அந்தப் பாலம் கிராந்த் ஷலூப் வரைதான். அங்கிருந்து லா பொசெசியோன் வரை இன்னும் பாறையடியில் பழைய சாலைதான். இந்தச் சாலை மூடினால் மிச்சம் லா மொந்தாஞ் மலைப்பாதை. அதன் வளைவுகளில் ஒருமுறை மாட்டியவன் அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடுவான்.

ஸ்கூட்டர் காரைவிட வேகமானது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டும் ஒன்றுதான், சொல்லப்போனால் கார் இரண்டு நிமிடம் முந்தும். வேலைநாளில்தான் கதை மாறுகிறது. காரில் போனால் ஒருநாள் 20 நிமிடம், மறுநாள் 50. எங்காவது ஒரு லாரி நின்றுபோனால் ஒன்றேகால் மணி நேரம். இதற்குப் பயந்து எட்டரை மணி வேலைக்கு ஆறரைக்கே கிளம்பிக்கொண்டிருந்தேன். சாலை காலியாக இருந்த நாட்களில் சீக்கிரம் போய்ச் சேர்ந்து, பராஷ்வா கடற்கரையில் அந்தப் பழைய பீரங்கிகளுக்கு எதிரே காரை நிறுத்தி உள்ளேயே தூங்குவேன். எட்டு வருடத்தில் எத்தனை மணி நேரம் அப்படிப் போயிருக்கும்! ஸ்கூட்டரில் 28 நிமிடம். புஷோன் என்று இங்கே சொல்கிற நெரிசல் எவ்வளவு மோசமானாலும் 35. அந்தத் தூக்கம் இப்போது என் கட்டிலில்.

நான் ஸ்கூட்டர் பக்கம் சாய்வதற்குக் காரணம் இந்த ஒன்றுதான். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று கிளம்பும்போதே தெரிகிறது. மிச்சமாகும் பெட்ரோல் அதற்கு அப்புறம்தான்.

நெரிசலுக்குள் எப்படி நுழைந்து போவது என்பதற்கு இங்கே சட்டம் உண்டு. வண்டி வரிசைகளுக்கு இடையே இருசக்கர வண்டி போவதற்கு 2025 ஜனவரியில்தான் பிரான்ஸின் பொதுச் சட்டத்தில் இடம் கிடைத்தது. நடுவில் தடுப்பு இருக்க வேண்டும், ஒரு திசைக்கு இரண்டு தடமாவது வேண்டும், வேகவரம்பு 70க்குக் குறையாத சாலையாக இருக்க வேண்டும். இடப்பக்கக் கடைசி இரண்டு தடங்களின் நடுவேதான் போகலாம், 50ஐத் தாண்டக் கூடாது. பக்கத்து வரிசை நின்றுவிட்டால் 30தான். புதுச்சேரியில் மிஷன் வீதியில் வண்டி ஓட்டி வளர்ந்தவனுக்கு இதெல்லாம் முதலில் சிரிப்பாக இருந்தது. அங்கே கிடைத்த சந்தில் நுழைவோம், ஹாரன் அடித்தால் வழி விடுவார்கள். இங்கே ஆபத்து இல்லாமல் ஊருக்குள் ஹாரன் அடிப்பதே குற்றம். கார்க்காரர் கண்ணாடியில் நம்மைப் பார்த்துச் சற்று ஒதுங்குவார். நாம் வலது காலை லேசாக வெளியே நீட்டி நன்றி சொல்வோம். காலை நீட்டி நன்றியா என்று என் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, இதுவரை ஸ்கூட்டர் பக்கம். இனிமேல் அதற்கு எதிரானது.

பெருமழை பெய்தால் பாறை விழும் என்று பாறையோரத் தடங்களை மூடிவிட்டு, இரண்டு திசை வண்டிகளையும் கடலோரத் தடங்களிலேயே விடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் திசைக்கு ஒரே தடம்தான், இடையில் நுழைய வழியே கிடையாது. காரைப் போலவே வரிசையில் நிற்க வேண்டும். கார்க்காரர் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நாம் நனைந்துகொண்டு நிற்போம். ஸ்கூட்டருக்கு இருக்கும் ஒரே பெரிய ஆதாயமும் மழையில் கரைந்துவிடுகிறது. என் மனைவி சொன்ன கார் சாவி விஷயம் இந்த நாட்களைப் பற்றியது.

பாலத்தின் மேல் காற்றும் ஒரு தொல்லை. மே முதல் அக்டோபர் வரை, அதாவது இங்கே குளிர்காலத்தில், தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். 130 கிலோ வண்டியைப் பக்கத்திலிருந்து யாரோ தோளால் இடிப்பது போல இருக்கும். பிடியை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, தடத்தின் நடுவில் போக வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுதும் ஆனது.

விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல நாள் வெயிலுக்கு அப்புறம் வந்த முதல் தூறல். லா பொசெசியோனில் ஒரு ரவுண்டானாவுக்கு முன்னால், பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் முன் பிரேக்கைப் பிடித்தேன். ஈரமான பெயின்ட் எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி. வேகம் 20கூட இருக்காது, ஆனாலும் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மணிக்கட்டு மூன்று வாரம் வீங்கியிருந்தது. உள்ளங்கைத் தோல் மட்டும் தப்பியது, கையுறையால். காரில் இப்படிப் பிரேக் போட்டிருந்தால் என் காபி சிந்தியிருக்கும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பூசி மெழுகி ஸ்கூட்டரைப் புகழ்கிறவர்களை நம்பாதீர்கள்.

அந்தக் கையுறையை நான் விரும்பிப் போடவில்லை. 2016 நவம்பரிலிருந்து இங்கே அது கட்டாயம், அதிலும் சி.இ. என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 68 யூரோ அபராதம், உரிமத்தில் ஒரு புள்ளி போகும். ஹெல்மெட் இல்லையென்றால் 135 யூரோ, மூன்று புள்ளி. ஹெல்மெட் போட்டவனை வெளியூர்க்காரன் என்று பார்த்த காலத்துப் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள் இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்வது நல்லது.

பெர்மி, அதாவது ஓட்டுநர் உரிம விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை. கார் ஓட்டும் பி உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தால், ஏழு மணி நேரப் பயிற்சி முடித்து 125 சிசி ஓட்டலாம், பரீட்சை கிடையாது. முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மூன்று சக்கர ஸ்கூட்டருக்கும் இதே பயிற்சிதான். ஈரச் சாலையில் அது நம்பிக்கையாக நிற்கும், ஆனால் விலையும் எடையும் அதிகம், சந்தில் நுழைய அகலமும் கூட. 50 சிசியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 45 கி.மீ.க்கு மேல் போகாத வண்டிக்கு விரைவுச் சாலையில் இடமில்லை. ஊருக்குள் கடைக்குப் போய்வரலாம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குப் போய்வர 30 கி.மீ., மாதம் 20 நாள், மொத்தம் 600 கி.மீ. என் சின்னக் கார் நெரிசலில் 100 கி.மீ.க்கு ஆறரை லிட்டர் குடிக்கும், ஸ்கூட்டருக்கு இரண்டேகால் போதும். மாதம் 25 லிட்டர் மிச்சம். பெட்ரோல் விலையைப் பிரெஃபெக்த்யூர், அதாவது இங்குள்ள அரசு நிர்வாக அலுவலகம், மாதம் ஒருமுறை நிர்ணயிப்பதால் தீவு முழுக்க ஒரே விலைதான், மலிவான பங்க் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இந்த மிச்சத்தில் பாதியை ஸ்கூட்டரே திருப்பி வாங்கிக்கொள்ளும். டயர் சீக்கிரம் தேயும், சர்வீஸ் அடிக்கடி வரும், பெல்ட் மாற்ற வேண்டும். ஹெல்மெட், ஜாக்கெட், மழைக்கோட்டு, பின்பெட்டி, கனமான பூட்டு எல்லாம் தனிச் செலவு. 2024 ஏப்ரலிலிருந்து இருசக்கர வண்டிகளுக்கும் கார் போலவே தொழில்நுட்பப் பரிசோதனை வந்துவிட்டது. புது வண்டிக்கு ஐந்தாம் வருடம் முதல் தடவை, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. காரை விற்றுவிட்டு ஸ்கூட்டர் மட்டும் வைத்திருந்தால் நல்ல லாபம். எங்களைப் போல இரண்டையும் வைத்திருந்தால் லாபம் நேரத்தில்தான், காசில் இல்லை. நிறுத்துமிடம் வேறு விஷயம். சேன் தெனியில் காருக்கு இடம் தேடிச் சுற்றிய பத்து நிமிடம் இப்போது இல்லை.

காரை ஏன் விற்கவில்லை என்றால், குடும்பம். தைப்பூசக் காவடிக்குச் சேன் ஆந்த்ரே போகும்போது மாலை, தேங்காய், பால் குடம், பட்டுப்புடவையில் அம்மா, இதையெல்லாம் எதில் ஏற்றுவது? ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கூட்டரில் தனி இருக்கை கட்டாயம். ஊரில் ஒரே வண்டியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று போவோமே, அது இங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. புயல் காலத்தில் இரண்டும் சமம். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் யாருமே வெளியே வண்டி எடுக்கக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது ஸ்கூட்டரைக் கூடத்துக்குள் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் சோபாவுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி நின்றது. காரை அப்படிச் செய்ய முடியாது.

பஸ்ஸையும் சொல்ல வேண்டும். கார் ஜோன் என்ற மஞ்சள் பஸ் மலிவு, ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கும் நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கும் நடக்கிற நேரத்தைச் சேர்த்தால் எனக்கு ஒத்துவரவில்லை. சேன் தெனியிலேயே மேட்டில் குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஷோத்ரோனிலிருந்து புவா தெ நெஃப்ல் வரை 2.7 கி.மீ.க்கு பாபாங் என்ற கம்பிவடப் பெட்டி 2022லிருந்து ஓடுகிறது. அந்தப் பாதையில் இருப்பவருக்குக் காரும் வேண்டாம், ஸ்கூட்டரும் வேண்டாம்.

இனி தம்பியின் கதை. அவன் வீடு பார்த்திருப்பது சேன் ஆந்த்ரேயில், சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்காக. வேலை லெ போர் துறைமுகத்தில். ஒரு வழிக்கு 45 கி.மீ. போல வரும், நடுவில் தலைநகரைக் கடக்க வேண்டும். கிழக்குக் கரை மழைக்குப் பேர் போனது, எங்கள் பக்கம் போலக் காயாது. ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலம். கஷலோ, அதாவது திமிங்கிலம் என்று இங்கே பேர் வைத்திருக்கும் பெரிய லாரிகள் புவா ரூஜ் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும். அதிலிருந்து விழுந்த ஒரு துண்டுக் கரும்பு காருக்கு ஒன்றுமே இல்லை, சின்னச் சக்கரத்துக்குப் பெரிய விஷயம். 15 கி.மீ.க்கு ஸ்கூட்டர் சுகம், 45க்கு அது உடம்பைத் தின்றுவிடும்.

“அப்போ கார்தானா அண்ணே?”

“அந்த வீட்டுல இருந்தா கார்தான். அதுலயும் தினம் மூணு மணி நேரம் போகும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பினான்: “அண்ணி, இந்தப் பக்கம் ரெண்டு ரூம் வீடு வாடகை எவ்வளவு சொல்றாங்க?”