ரோடு அகலமாகுது: பணமா, அடுக்குமாடி வீடா, மூணு சென்ட் இடமா?

சர்வேயர் வந்து ரோட்டோரச் சுவர்களில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுவிட்டுப் போன மறுநாள் காலையிலேயே என் மேசை முன்னால் ஆட்கள் நிற்பார்கள். நான் காங்கேயம் பக்கம் பத்திரம் எழுதுகிறவன். வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "ஏனுங்க, காசா வாங்கிக்கறதா, எடமாக் கேக்கறதா?"

யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வழக்கமாக நான் பார்க்கிற மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ரோட்டு மேல் பட்டா நிலத்தில் சொந்தக் கட்டடம் கட்டி எண்ணெய்க்கடை வைத்திருப்பவர். அதே கட்டடத்தில் வாடகைக்குப் பேக்கரி நடத்துபவர். கொஞ்சம் தள்ளி நெடுஞ்சாலைப் புறம்போக்கில் ஓட்டு வீட்டில் இருக்கும் குடும்பம். ஒரே கோடுதான் மூவரையும் வெட்டுகிறது. கிடைப்பதுதான் ஆளுக்கு ஒரு மாதிரி.

பட்டாக்காரருக்குப் பேச்சே பணம்தான். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் கணக்கு இது: பத்திரப் பதிவுக்கு அரசு குறித்துவைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கம் பதிவான கிரையங்களில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமமானால் அதை 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நகரத்தில் அந்தப் பெருக்கல் இல்லை. பிறகு கட்டடம், கிணறு, தென்னை எல்லாம் சேர்த்து, வருகிற மொத்தத்துக்கு இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நகராட்சி எல்லைக்குள் 5 சென்ட், காகிதத்தில் சென்ட் 2 லட்சம் என்றால் 10 லட்சம். ஆறுதல் தொகையோடு 20 லட்சம். அங்கே வெளியில் சென்ட் 5 லட்சத்துக்குப் போகிறது என்றால் 25 லட்சம் போயிருக்க வேண்டும். 5 லட்சம் நட்டம். ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் காகித விலை சென்ட் 20,000 என்றால், பெருக்கல் 2 கிடைக்கும் இடத்தில் 80,000 வரை வந்துவிடும். வெளி விலை 60,000தான் என்றால் அவருக்கு லாபம். புறவழிச்சாலைக்குக் காடு கொடுத்தவர் சிரிப்பதும், டவுனுக்குள் கடை கொடுத்தவர் அழுவதும் இதனால்தான். காட்டை ரோடு இரண்டாகப் பிளந்து, கிணறு ஒரு பக்கமும் தென்னந்தோப்பு மறுபக்கமும் ஆனவர் சிரிக்க மாட்டார். அது வேறு கதை.

அந்தக் காகித விலை ஏன் குறைந்து கிடக்கிறது என்று என்னிடம் கேட்கக் கூடாது. அதை எழுதியதே நான்தான். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்கே கிரையம் எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தோம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது ஊரே கொண்டாடியது. 2023 ஏப்ரலில் அது பழைய நிலைக்கு ஏறியபோது ஊரே திட்டியது. நிலம் கொடுக்க வேண்டி வந்தவர்கள் மட்டும் அந்த ஏற்றத்தைத் திட்டவில்லை.

தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலையா என்பதில் எது மேல் என்றும் கேட்பார்கள். பணக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. கோவை–கரூர் ரோடு மாதிரி தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுப்பார்கள். ஆனால் 2015 முதல் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டக் கணக்குத்தான். மாநிலச் சாலைக்கு 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு வேறொரு சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இரண்டு வழியிலும் 2013 சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. ஊரைக் கூட்டி உட்காரவைத்து "இந்த ரோடு வந்தால் உனக்கு என்ன போகும்" என்று கேட்கிற அந்தக் கட்டம் விடுபட்டுப்போகிறது.

தேசிய நெடுஞ்சாலையில் நாள் கணக்கு முக்கியம். நிலம் எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். அடுத்த அறிவிப்பான 3டி வந்துவிட்டால் நிலம் அரசுடையது. அதற்கப்புறம் சண்டை தொகைக்கு மட்டும்தான். 3ஏ அறிவிப்பு தமிழ்ப் பேப்பரில் வந்த அன்று அதில் அவரவர் வீட்டில் வடை மடித்திருப்பார்கள். என்னிடம் வரும்போது பெரும்பாலும் 3டி ஆகியிருக்கும்.

இதற்கு மாற்றாக நேரடிப் பேச்சுவார்த்தை ஒன்று உண்டு. ஆட்சியர் தலைமையிலான குழுவோடு விலை பேசி, கிரையமாகவே எழுதிக் கொடுத்துவிடுவது. பணம் சீக்கிரம் கைக்கு வரும். கொடுத்த பிறகு "போதவில்லை" என்று வழக்குக்குப் போக முடியாது. பட்டா ஒருவர் பெயரில் சுத்தமாக இருந்தால் பேச்சுவார்த்தையே மேல் என்பேன். பத்து வருசம் கோர்ட்டுக்கு அலைந்து ஏற்றி வாங்கியவர்களின் வக்கீல் செலவையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் பக்கம் பாதிப் பட்டா இன்னும் அப்பாரய்யன், அதாவது தாத்தா, பெயரில்தான் இருக்கிறது. 1989லேயே தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. பங்காளிகள் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பாகம் பிரித்துக்கொண்ட நிலத்துக்கு இப்போது திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் அக்கா தங்கைகள் வந்து நிற்கிறார்கள். நியாயம்தான். கையெழுத்துகள் ஒன்று சேரும்வரை பணம் வெளியே வராது, அவ்வளவுதான்.

பாதிக் கடை போவது இன்னொரு சங்கடம். முன்னால் எட்டு அடி போகும். மிச்சம் நாலுவழி ரோட்டு மேலேயே நிற்கும். சிலர் உள்ளுக்குள் வேண்டிக்கொள்வதே அப்படித்தான். எட்டு அடி போனபின் மிச்சம் உருப்படியாக நிற்கும் கட்டடத்துக்கு அது சரி. தறிக்குடோனுக்குச் சரிவராது. எட்டுத் தறியில் மூன்று வெளியே வந்தால் மிச்சத்தை வைத்து ஓட்டினாலும் கூலி கட்டாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறது. வேறு இடத்துக்குத் தறியைத் தூக்கினால் அந்த மின் இணைப்பை அதே கட்டணப் பிரிவில் மாற்றி வாங்குவது ஒரு தனி அலைச்சல். இழப்பீட்டுக் கணக்கில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. 2013 சட்டத்தின் 94ஆம் பிரிவு, கட்டடத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வந்தால், முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல உரிமையாளருக்கு இடம் தருகிறது. தறிக்காரர்களுக்கு அந்த வழியைக் கேட்டுப் பார்க்கத்தான் சொல்வேன்.

பேக்கரிக்காரருக்கு வருவோம். கொங்கில் எந்த முக்குக்குப் போனாலும் ஒரு பேக்கரி இருக்கும். ரோடு அகலமானால் முதலில் போவதும் அதுதான். கட்டடப் பணம் உரிமையாளருக்கு. அட்வான்ஸ் திரும்பி வந்தால் புண்ணியம். சட்டப்படி, 3 ஆண்டாக அங்கே தொழில் செய்து அதுவே பிழைப்பாக இருந்தால் அவரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். இரண்டாம் அட்டவணை சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவி குறைந்தது 25,000 ரூபாய் என்கிறது. மாட்டுக் கொட்டகைக்கும் பெட்டிக்கடைக்கும் அதே 25,000. வீடும் போய் இடம் மாறுகிறவருக்குச் சாமான் ஏற்ற 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000, ஓராண்டுக்கு மாதம் 3,000. 2013இல் எழுதிய தொகைகள் இவை. அன்றைக்கே 25,000க்கு ஓவன் வராது.

அதுவும் நிரூபித்தால்தான். வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சு, கரண்ட் பில் ஓனர் பெயரில். எனவே இப்போதே உணவுப் பாதுகாப்புப் பதிவு, தொழில் வரி ரசீது, வாடகை பேங்கில் போட்ட கணக்கு என்று ஏதாவது ஒரு காகிதத்தைத் தன் பெயரில் சேர்த்துவைப்பவர் பிழைத்தார். பணமா இடமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர் இல்லை. காகிதம் உண்டா இல்லையா என்பதுதான் அவர் பாடு.

ஓட்டு வீட்டுக் குடும்பத்துக்குத்தான் உண்மையில் மூன்று வழி இருக்கிறது. அந்த மூன்றும் ரோட்டுக்கு யார் காசு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். அரசு தன் காசில் போடும் ரோடு என்றால் புறம்போக்கில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளர். நோட்டீஸ், பிறகு பொக்லைன். ஆசிய வளர்ச்சி வங்கியோ உலக வங்கியோ கடன் கொடுத்தால் கதை வேறு. சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித்தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 48.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. சுமார் 590 கிலோமீட்டர் மாநிலச் சாலைகளுக்கு. அந்த மாதிரித் திட்டத்தில் முதலில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கும். அந்தத் தேதிக்கு முன் குடியிருந்தவருக்குப் பட்டா இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பழைய வீடு என்று தேய்மானமும் கழிக்கக் கூடாது. இதுதான் முதல் வழி, காசு. கணக்கெடுக்க வந்த நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வெங்காயம் அறுக்கப் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி வீடு இரண்டாவது வழி. கோவையில் குளக்கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வீடு கான்கிரீட்தான், கக்கூஸ் உள்ளேயே, மழை ஒழுகாது. இதைக் கேலி பேசுகிறவர்கள் ஓட்டு வீட்டில் ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்க்க வேண்டும். ஆனால் அவர்களில் பலர் முன்பு இருந்த உக்கடம் ஊருக்குத் தெற்கே, கீரணத்தம் சரவணம்பட்டியையும் தாண்டி வடக்கே. விடிகாலை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரும், ஆறு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மிணியும் அங்கிருந்து எப்படி வருவது? பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் காசு மிச்சம். நேரம் மிச்சமில்லை. ஆடு வளர்க்கவும் வாசலில் இட்லிக்கடை போடவும் மாடியில் இடம் ஏது? பராமரிப்புக்கு மாதாமாதம் கட்ட வேண்டியதும் உண்டு.

மூன்றாவது, அதே ஊரிலேயே வேறு இடத்தில் வீட்டுமனைப் பட்டா. கிராமத்தில் 3 சென்ட் வரை கிடைக்கும். வெறும் மனையை வைத்து என்ன செய்வது என்பார்கள். பட்டா கையில் இருந்தால் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் கேட்டு எழுதலாம். ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரிக் கடனில் போடும் ரோடானால் பழைய வீட்டின் மதிப்பும் கையில் இருக்கும். கட்டி முடிக்கும்வரை எங்கே தங்குவது என்பதுதான் ஓட்டை. அந்த ஆறு மாத வாடகைக்குக் கடன் வாங்கி முழுகியவர்களை எனக்குத் தெரியும்.

இருந்தும் என்னைக் கேட்டால், வேலை அதே ஊரில் இருக்கிறவருக்கு 3 சென்ட்தான். மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ கம்பெனி வண்டியில் போய்வருகிற இளம் குடும்பத்துக்கு அடுக்குமாடி மோசமில்லை. வெறும் காசை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் எனக்குப் பயம். பாதி சீட்டுக் கடனுக்கும் மீதி கல்யாணத்துக்கும் போனபின் வாடகை வீட்டு வாசலில் நிற்பார்கள்.

போன மாதம் ஓட்டு வீட்டிலிருந்து ஒரு ஆத்தா மனு எழுத வந்தார். புறம்போக்கில் இருப்பதற்கு வருவாய்த்துறை போடும் அபராதமான பி-மெமோ கட்டிய ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்தார், பதினாறு ரசீது. குடியிருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஊர் எல்லைக்குள் மாற்று மனை வேண்டும் என்று எழுதினேன்.

"டவுன் பஸ் நிக்கற எடமாப் பாத்து எழுது சாமி."

எழுதினேன். படித்துக் காட்டினேன். கைநாட்டு வைக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

"ஆட்டுப்பட்டியைச் சொன்னியா?"

சொல்லவில்லை. பேனாவைத் திரும்ப எடுத்து, கைநாட்டுக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே அதையும் ஒரு வரி சேர்த்தேன்.