ஸ்பர்ஜனின் 1864 பிரசங்கத் தொகுதி: அட்டை நசுங்கித்தான் வந்தது

போன மே மாதம் தங்கையின் பேரனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றேன். பிள்ளை நல்ல தூக்கம். குருவானவர் கேட்டதற்கெல்லாம் அதற்காக நான் பதில் சொன்னேன். வெளியே வந்ததும் பிரியாணிக்கு வரிசை. அடுத்த வாரம் இந்தப் புத்தகம் தபாலில் வந்தது. நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

லண்டன் ‘மெட்ரோபாலிட்டன் டேபர்னாக்கிள்’ சபையில் சார்லஸ் ஸ்பர்ஜன் என்ற பாப்டிஸ்ட் போதகர் (குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத சபைப் பிரிவு) செய்த பிரசங்கங்கள் ஆண்டுக்கொரு தொகுதியாக வந்தவை, மொத்தம் 63. என்னிடம் இருப்பது பத்தாவது, 1864-ஆம் ஆண்டுடையது. பழைய பிரதி, தபால் செலவோடு 1,400 ரூபாய். ‘புதிது போல’ என்று போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு மூலை பிஸ்கட் போல நொறுங்கியிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. பழைய அச்சை அப்படியே படியெடுத்த மறுபதிப்பு என்பதால் எழுத்து பொடி. சில இடங்களில் மை தேய்ந்திருக்கிறது. கண்ணாடி போட்டும் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால்தான் ஓடுகிறது. தையல் மட்டும் கெட்டி.

சரி, உள்ளே வருவோம். நம் பிரசங்கிமார் வாயில் ஸ்பர்ஜன் ஒரு சர்க்கரைத் தாத்தா. பனி கொட்டிய நாளில் ஒதுங்கிய சிற்றாலயத்தில் ‘என்னை நோக்கிப்பாருங்கள்’ என்ற ஒரே வசனத்தால் மனந்திரும்பிய கதையைக் குறைந்தது இருபது தடவை கேட்டிருப்பேன். 573-ஆம் எண் பிரசங்கத்தை எந்தப் பிரசங்கபீடத்திலும் கேட்டதில்லை.

1864 ஜூன் 5 அன்று செய்தது அது. அவருக்கு முப்பது வயது நிறைய இன்னும் இரண்டு வாரம். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை ஆவியில் மறுபடியும் பிறந்துவிட்டது என்று சொல்லும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப்புத்தகத்தை நேரடியாகப் பிடிக்கிறார். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற ஆயிரக்கணக்கானோர் இன்று சிறையில் இருக்கிறார்களே, அவர்களும் மறுபடி பிறந்தவர்களா என்று கேட்கிறார். அதை நம்புகிற குருமார்மேல்கூட அவருக்கு அவ்வளவு கோபமில்லை. நம்பாமலே அந்த வரியை வாசித்துச் சம்பளம் வாங்கும் சுவிசேஷப் பற்றுள்ள குருமாரைத்தான் நேர்மையில்லை என்று போட்டுத் தாக்குகிறார். அவர்கள் அதுவரை அவருக்கு நண்பர்கள்! அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் திருநெல்வேலிச் சபைகள் அந்த ஜெபப்புத்தகத்தோடு வளர்ந்தவை.

இதோடு பிரசங்க விற்பனை படுத்துவிடும் என்று பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். நடந்தது தலைகீழ். ஒரு பென்னி விலைக்கு லட்சத்துக்கு மேல் போனது. மறுப்புத் துண்டுப் பிரசுரங்கள் மழையாகப் பெய்தன. பல சபைப் பிரிவினர் சேர்ந்திருந்த சுவிசேஷக் கூட்டணியிலிருந்து (Evangelical Alliance) அவரே விலகினார்.

அடங்கவில்லை மனிதர். ஜூலையில் இன்னொன்று: ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்’ என்று குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதாரமாகக் காட்டும் வசனத்தையே எடுக்கிறார். அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்கிறார். நான் போய் மாற்கு 10-ஐத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லைதான். என்றாலும் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிச் சபை முன்னே நிற்பதில் ஏதோ இருக்கிறது. அதை அவர் தொடவே இல்லை.

மற்ற பிரசங்கங்களில் பாதி சுமார். ஒரே உவமை வேறு வேறு சட்டையில் வருகிறது. வாரம் ஒன்று அச்சுக்குப் போகவேண்டும் என்றால் வேறென்ன செய்வார்? ஞாயிறு பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, திங்கள் திருத்தி, வியாழன் வெளியிடுவார்கள். 1892-இல் அவர் இறந்தபிறகும் கைவசம் இருந்தவற்றை வைத்தே 1917 வரை ஓட்டியிருக்கிறார்கள். அடிமைமுறையைக் கண்டித்ததற்காக 1860 வாக்கில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இவருடைய புத்தகங்களைக் கொளுத்தினார்கள். விற்பனை போகுமே என்று அப்போதும் வாயை மூடவில்லை.

ஐந்துக்கு நான்கு. அரை மதிப்பெண் பொடி எழுத்துக்காகவும் அரை நொறுங்கிய மூலைக்காகவும் போனது. தினம் ஒரு பக்கம் ஆறுதலாக வாசிக்க நினைப்பவர்கள் இதை வாங்கவேண்டாம், அவருடைய தியானப் புத்தகங்கள் போதும்.

எங்கள் சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் மூன்று வாரத்துக்கு முன் இரவல் வாங்கிப்போனார். 573-இல் அடையாளத்துக்குக் குருத்தோலை ஒன்று வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் பார்க்கிறேன், வானிலையைப் பற்றித்தான் பேசுகிறார்.