எதிர்ப்பொருளா, அணுக்கரு இணைவா?

அறிவியல் கண்காட்சிக்கு எதை மாதிரியாகச் செய்வது என்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "எதிர்ப்பொருள் இருந்தா நெய்வேலிக்கே வேலை இல்ல, சார்" என்கிறது ஒரு கட்சி. இன்னொன்று, லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தருகிற இணைவின் பக்கம். எதிர்ப்பொருள் என்பது சாதாரணப் பொருளின் மின்னூட்டம் மாறிய இரட்டை; இரண்டும் தொட்டால் அழிந்து ஆற்றலாகிவிடும். சரி, பார்ப்போம்.

ஒரு கிராமுக்கு எவ்வளவு ஆற்றல்?
எதிர்ப்பொருள்: ஒரு கிராம் சாதாரணப் பொருளோடு சேர்ந்து அழிந்தால் சுமார் 5 கோடி யூனிட்.
இணைவு: ட்யூட்டீரியம், ட்ரிட்டியம் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்) கலவையில் சுமார் 94,000 யூனிட்.

எரிபொருள் எங்கே?
இணைவு: சில்வர் பீச்சில் கால் நனைக்கிற தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 33 மில்லிகிராம் ட்யூட்டீரியம் இருக்கிறது. ட்ரிட்டியத்தை லித்தியத்திலிருந்து உண்டாக்க வேண்டும்.
எதிர்ப்பொருள்: இதற்குச் சுரங்கம் கிடையாது, நாமேதான் செய்ய வேண்டும். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் இதுவரை செய்ததையெல்லாம் சேர்த்து அழித்தாலும் ஒரு பல்பு சில நிமிடம்தான் எரியும். செய்யச் செலவாகும் மின்சாரமோ, திரும்பக் கிடைப்பதைப் போலப் பல கோடி மடங்கு. ஆக, இது எரிபொருளே அல்ல, படுமோசமான பேட்டரி. (வாழைப்பழம்கூட எப்போதாவது ஒரு பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளை, விடும். அதை நம்பிக் கடை போட முடியாது.)

கைக்கு வருமா?
எதிர்ப்பொருள்: எதிர்ப்புரோட்டான் (புரோட்டானின் எதிர்த்துகள்) என்றால், ஆற்றலில் கணிசமான பங்கை எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ துகள்கள் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். மீதியில் பெரும்பங்கு காமா கதிர். கனத்த சுவரைச் சூடாக்கித் தண்ணீர் கொதிக்க வைக்கலாம்.
இணைவு: 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 2.05 மெகாஜூல் லேசரைக் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அந்த லேசர் இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல்!

ஊருக்கு விளக்கெரிக்க என் ஓட்டு இணைவுக்குத்தான். எடை குறைய வேண்டிய தொலைதூர விண்கலக் கனவுக்கு எதிர்ப்பொருள். அப்புறம், உடலுக்குள் படமெடுக்கும் மருத்துவச் சோதனையான பெட் ஸ்கேனில் பாசிட்ரான் இன்றைக்கே வேலை பார்க்கிறது. மாதிரி செய்ய அதுவே சுலபம்.