‘பா மால்’ என்றால் பாராட்டு: பல மொழி மதிப்புரைகளைப் படிக்க எது சரியான வழி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறார் என் மாமா. மொத்தம் 22 அறைகள். டிசம்பர் பிறந்தால் பிரெஞ்சுக்காரர்களும் ஆரோவில் பார்க்க வரும் ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும். சனி, ஞாயிறு என்றால் சென்னை, பெங்களூர் கார்கள். இணையத்தில் வந்து விழும் மதிப்புரைகளும் அதே கலவைதான். அவற்றை அலசித் தரும்படி கேட்டபோது மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “மாப்பிள்ளை, நாளைக் காலையில் பிளம்பரைக் கூப்பிடுவதா, தச்சரைக் கூப்பிடுவதா? அது தெரிந்தால் போதும்.”

சந்தையில் கிடைக்கும் எல்லா வழிகளையும் இந்த ஒரே உரைகல்லில் உரசிப் பார்த்தேன்.

முதலில் எல்லாரும் பார்ப்பது சராசரி மதிப்பெண். அதை அலட்சியப்படுத்த முடியாது. ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளி கூடினால், அறைகள் நிரம்புவது குறையாமலே வாடகையை 11.2 சதவீதம் உயர்த்தலாம் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆனால் 8.1 என்பது 7.9 ஆனால் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று அந்த எண் சொல்வதில்லை. புக்கிங் டாட் காமில் பத்துக்கு, கூகுளில் ஐந்துக்கு என்று அளவுகோலே வேறு வேறு. வங்கிக்காரருக்குக் காட்ட உதவும், பிளம்பருக்கு உதவாது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பு செய்துவிட்டு, ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட கருவியிடம் கொடுப்பது. மலிவு, சுலபம். இதற்குப் பயன்படும் வேடர் என்ற கருவி 2014 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு நல்ல குணம், எவ்வளவு கெட்ட குணம் என்று ஓர் அகராதி வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்கும். பிரெஞ்சும் ஜெர்மனும் மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. கெடுவது நுணுக்கம். பிரெஞ்சுக்காரர் காலை உணவைப் பற்றி ‘பா மால்’ என்று எழுதினால், எழுத்துக்கு எழுத்து ‘மோசமில்லை’. அவர் வாயிலிருந்து அது நல்ல பாராட்டு. ரஷ்யரின் ‘நர்மால்னா’வும் இந்த வகை: குறை ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையை உறைக்க வைத்தது ஒரு ஜெர்மன் சொல். ஏழு மதிப்பெண் போட்ட ஒருவர், அறை ‘ஹெல்ஹோரிக்’ என்று எழுதியிருந்தார். பக்கத்து அறையில் தும்மினால் இங்கே கேட்கிறது, சுவரும் கதவும் சத்தத்தைத் தடுக்கவில்லை என்று பொருள். மொழிபெயர்ப்பில் அது வெறும் ‘சத்தம்’ ஆகிவிட்டது; கருவி அதைத் தெருச் சத்தம் என்ற கணக்கில் சேர்த்தது. மாமா சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். சரிசெய்ய வேண்டியிருந்தது அறைக் கதவின் அடியில் இருந்த ஒரு விரல் இடைவெளி. தச்சர் அரை நாளில் முடித்தார்.

தமிழுக்கு இந்த வழி இன்னும் மோசம். ‘சும்மா சொல்லக் கூடாது, கவனிப்பு அருமை’ என்றார் மதுரைக்காரர் ஒருவர். ‘கூடாது’ என்ற சொல்லைப் பார்த்து மொழிபெயர்ப்பு தடுமாறியது. ‘குறை சொல்ல எதுவுமில்லை’யும் இப்படித்தான்: ‘குறை’, ‘இல்லை’ என்ற இரண்டும் இருந்தால் அகராதிக் கருவி முகம் சுளிக்கும். நம்மவர்கள் ‘ஹோட்டல் சரியில்லை’ என்று எழுதினால் பாதி நேரம் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தைத்தான் சொல்கிறார்கள். தங்குமிடம் அவர்களுக்கு ‘ரூம்’. உச்சம் எது என்றால், வரவேற்பு மேசையில் இருக்கும் மணி அண்ணனை வாயாரப் புகழ்ந்த மதிப்புரை ஒன்று. ஆங்கிலத்துக்குப் போய் வந்தபோது அவர் கோயில் மணியாகியிருந்தார். கருவி அதையும் ‘சத்தம்’ பட்டியலில் சேர்த்தது.

மூன்றாவது வழி, மொழிபெயர்க்காமலே பல மொழிகளைப் படிக்கும் மாதிரிகள்; அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைப் பழகிய கணினி நிரல்கள். 2019-இல் வந்த எக்ஸ்எல்எம்-ஆர் 100 மொழிகளின் இணைய எழுத்தில் பழகியது. ரோமன் எழுத்தில் எழுதிய தமிழும் அதில் உண்டு. தமிழ் எழுத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் துளி. ஆனால் நம் வாடிக்கையாளர்களில் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தத் துளியின் பக்கம்தான் நிற்கிறார்கள். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைத் தேடிப் போக யாருக்குப் பொறுமை? இந்த மாதிரிகளைக் குறிப்பிட்ட வேலைக்குப் பழக்க, மனிதர் குறியிட்ட எடுத்துக்காட்டுகள் வேண்டும். கணினிக்கு மொழியைப் புரியவைக்கும் ஆய்வாளர்களுக்காக 2016-இல் நடந்த செம்எவல் போட்டி, மதிப்புரையில் பேசப்படுவது அறையா, உணவா, ஊழியரா, இருப்பிடமா என்று பிரித்துக் குறியிட்ட தரவுகளை எட்டு மொழிகளில் தந்தது. அதில் ஹோட்டல் மதிப்புரைகள் இருந்தது அரபில் மட்டுமே. பிரெஞ்சிலும் ரஷ்யத்திலும் இருந்தவை பெரும்பாலும் உணவக மதிப்புரைகள். தமிழ் இல்லை. 2020-இல் வெளிவந்த தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தரவுத் தொகுப்பில் 15,744 யூடியூப் கருத்துகள் உள்ளன. எல்லாம் திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே எழுதியவை. நாயகன் நுழைவதைப் பார்த்து ஆரவாரிக்கும் மொழியில் பழகிய மாதிரியிடம் குளியலறை வடிகாலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லும்?

இன்னொரு குறையும் உண்டு. இந்த வகையில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் ‘மகிழ்ச்சியா, வருத்தமா’ என்றோ ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் என்றோ கணித்துத் தருகின்றன. விருந்தினர்தான் நட்சத்திரத்தைத் தானே போட்டுவிட்டாரே!

நான்காவது, சாட்ஜிபிடி போன்ற பெருமொழி மாதிரிகள். இவற்றிடம் நேராகக் கேட்கலாம்: எந்த அறை, எந்தப் பொருள், என்ன பழுது, யாருடைய வேலை. வடிகால் அடைத்த அறையில் தங்கிய ஒருவர், ‘குளியலறையிலேயே நீச்சல்குளம், கூடுதல் கட்டணம் இல்லை’ என்று எழுதியிருந்தார். பழைய கருவி அதை வசதிகளுக்கான பாராட்டாக எண்ணியது. இது கிண்டலைப் பிடித்துக்கொண்டது. புக்கிங் டாட் காமில் பிடித்தது, பிடிக்காதது என்று இரண்டு பெட்டிகள் உண்டல்லவா? பிடிக்காததில் ‘ரியன்’ என்று பிரெஞ்சிலோ ‘நிக்ட்ஸ்’ என்று ஜெர்மனிலோ ஒரே சொல் இருந்தால், ஒன்றுமில்லை என்று பொருள். அதையும் புகாராக எண்ணாமல் தாண்டியது.

ஆனால் இது வாய்ச் சாமர்த்தியக்காரன். ‘அறையில் வாடை’ என்று மட்டும் ஒருவர் எழுத, ‘வடிகால் குழாய் அடைப்பு’ என்று காரணத்தைத் தானே சேர்த்துவிட்டது. சுவரில் ஏறிய ஈரமாகவும் இருந்திருக்கலாமே. அதன்பின் ஒரு விதி வைத்தேன்: ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில், விருந்தினர் எழுதிய மூலச் சொற்களை அதே மொழியில், எழுத்து மாறாமல் தர வேண்டும், காரணம் எழுதப்படவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அந்த மேற்கோள் மதிப்புரையில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை எக்செல் சூத்திரம் ஒன்றே சரிபார்த்துவிடும். இல்லாத மேற்கோள் வந்தால் அந்த வரி கழிக்கப்படும். விருந்தினர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதச் சந்தாவில் இதையெல்லாம் செய்து தரும் நிறுவனங்களும் உண்டு: மியூனிக்கின் டிரஸ்ட்யூ, பார்சிலோனாவின் ரிவ்யூபுரோ போன்றவை. பல தளங்களின் மதிப்புரைகளை ஒரே திரையில் சேர்ப்பதும், போட்டி விடுதிகளோடு ஒப்பிடுவதும் இவற்றின் பலம். ஐந்தாறு ஊர்களில் கிளை வைத்திருப்பவர் இதற்குத்தான் போக வேண்டும். 22 அறைக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது.

கடைசியாக, யாரும் விளம்பரம் செய்யாத வழி: நோட்டுப் புத்தகம். மாமாவுக்கு மாதம் நாற்பது மதிப்புரைகூட வருவதில்லை. தெருமுனையில் பிரெஞ்சு தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். புதுச்சேரியில் இது அதிசயமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். எந்த மாதிரியும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்: பிரெஞ்சுக்காரர்கள் குறையை வாக்கியத்தின் பின்பாதியில், ‘மே’ என்ற ‘ஆனால்’-க்குப் பிறகு வைப்பார்களாம். அதன்பின் நானும் அந்தச் சொல்லிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

எனவே என் தீர்ப்பு விடுதியின் அளவைப் பொறுத்தது. மாதம் ஐம்பதுக்குக் குறைவென்றால் நோட்டுப் புத்தகம், சந்தேகம் வந்தால் மட்டும் மொழிமாதிரி. சில நூறு என்றால் மொழிமாதிரி, மேற்கோள் விதியோடு. அதிலும் ரோமன் எழுத்துத் தமிழையும் ஐந்துக்கு மூன்று நட்சத்திர மதிப்புரைகளையும் ஒரு மனிதர் தனியாகப் படிக்க வேண்டும். மூன்று நட்சத்திரக்காரர்தான் நிதானமாக உட்கார்ந்து அறை எண்ணோடு எழுதுபவர். ஆங்கிலத்துக்கு மாற்றி அலசும் வழியை எந்த அளவுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாமா இப்போது நோட்டும் எக்செல்லும் இரண்டும் வைத்திருக்கிறார். போன மாதம் மணி அண்ணனுக்கு மூன்று மொழிகளில் பாராட்டு வந்தது. மூன்றிலும் அவர் மனிதராகவே இருந்தார்.